பழைய சன் ஒர்க்ஸ்டேஷனை எழுப்பவும் அணைக்கவும் நான் பட்ட பாடு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். திரையில் தெரியும் ஜன்னல்களும் மெனுக்களும் வேறு, அடியில் ஓடும் யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு. பஸ்ஸில் கண்டக்டர் மயங்கி விழுந்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதுபோல ஜன்னல்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜர் நின்றுபோனாலும் மெஷின் நிற்பதில்லை. திரை உறைந்ததும் பின்னால் போய் வயரைப் பிடுங்குகிறோமே, அது ஓடுகிற பஸ்ஸின் இன்ஜினை உடைக்கிற வேலை. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஐப்பசி மாதம் முழுவதும் தூக்கம் கெட்டிருக்காது.

எனக்கு நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை. பார்வதிபுரத்தில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். இருபது வருடத்துக்கு முன்னால் மாணவர்களை வைத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் பழையாற்றுக் கால்வாய்களையும் அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார். எல்லாமே ஒரு சன் அல்ட்ரா 5 மெஷினுக்குள். காலேஜில் அதைக் கழித்துக்கட்டியபோது ஏலத்தில் எடுத்து வீட்டு மாடியில் வைத்துவிட்டார். "மக்களே, அந்தப் படமெல்லாம் இப்ப தேவைப்படுது. அதில பாதிக் குளம் இப்ப தரையில இல்ல, படத்தில மட்டும்தான் இருக்கு" என்றார். எட்டாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்தோம். எனக்கு முன்னால் ஒரு கடைக்காரர் வந்து பார்த்து, போர்டு போய்விட்டது என்று சொல்லி 2,500 வாங்கிக்கொண்டு போயிருந்தார். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அல்ட்ரா 5 என்பது 1998இல் வந்த மாடல். அதற்கு முந்தைய சன் பெட்டிகளில் ஸ்கஸி என்ற வேறு இணைப்பு வகை டிஸ்க், விசித்திரமான மானிட்டர் சாக்கெட் என்று எல்லாமே தனி வகை. இதில் பிசியில் இருப்பது போன்ற சாதாரண ஐடிஇ டிஸ்க், சாதாரண விஜிஏ சாக்கெட். அதனால் முதல் வேலையாக டிஸ்க்கைக் கழற்றி, 600 ரூபாய் அடாப்டர் ஒன்றில் மாட்டி, என் லினக்ஸ் லேப்டாப்பில் டிடி கமாண்ட் போட்டு முழு டிஸ்க்கையும் நகல் எடுத்தேன். அந்த நகலை மவுண்ட் செய்யும்போது, அதாவது ஃபைல்களைப் பார்க்க லினக்ஸில் இணைக்கும்போது, டைப் யுஎஃப்எஸ் (சன் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பு) என்றும், யுஎஃப்எஸ்டைப் சன் என்றும், ரீட்-ஒன்லி என்றும் மூன்றையும் சொல்ல வேண்டும். ஏதாவது விட்டால் லினக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறு எதைத் தொடுவதற்கு முன்னாலும் இதைச் செய்துவிடுங்கள். அப்புறம் என்ன நடந்தாலும் நெஞ்சு படபடக்காது.

ஃபைல்கள் கிடைத்துவிட்டதே, அத்தோடு முடிந்ததே என்றுதான் நானும் நினைத்தேன். படங்கள் எல்லாம் அவற்றை வரைந்த வரைபட சாஃப்ட்வேருக்கு மட்டுமே புரியும் ஃபார்மேட்டில் இருந்தன. அதைத் திறந்து, டிஎக்ஸ்எஃப் என்ற பொதுவான வரைபட ஃபார்மேட்டாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் இன்றைய புரோகிராம் எதிலும் ஏறும். அந்த சாஃப்ட்வேரின் லைசென்ஸோ, மெஷினின் ஹோஸ்ட் ஐடி என்ற தனி எண்ணோடும் ஹோஸ்ட்நேம் என்ற பெயரோடும் கட்டிப்போட்டது. ஆக, அதே மெஷின், அதே பெயரோடு, அதே ஐடியோடு எழுந்து வர வேண்டும். எட்டாயிரம் போதாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் பேசியது பேசியதுதான்.

முதல் தடங்கல் கீபோர்டு. சன் கீபோர்டு பிளக் பார்ப்பதற்கு பிஎஸ்2 மாதிரியே உருண்டையாக இருக்கும், ஆனால் எட்டு கம்பி. பிஎஸ்2வுக்கு ஆறு கம்பி. முன்னால் வந்தவர் பிஎஸ்2 கீபோர்டை அமுக்கித் திணித்திருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்கெட்டின் ஒரு துளைக்குள் ஒடிந்த கம்பி பளபளக்கிறது. கடல் காற்றில் சாக்கெட்டின் உலோக விளிம்பெல்லாம் வேறு பச்சைப் பூத்திருந்தது. தங்க வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய இடுக்கியை வடசேரியில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கித்தான் கம்பியை வெளியே எடுத்தேன். சரியான கீபோர்டும் மவுசும் பெங்களூரில் பழைய சாமான் விற்பவரிடம் கிடைத்தன. 4,200 ரூபாய், கூரியர் தனி.

அது வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. கீபோர்டு இல்லாமல் ஆன் செய்தால் சன் மெஷின் தானாகவே பின்பக்கம் இருக்கும் சீரியல் போர்ட் ஏ-க்குப் பேச ஆரம்பித்துவிடும். இந்த மாடலில் அது 25 கம்பி உள்ள பெரிய சாக்கெட். யுஎஸ்பி-சீரியல் வயர், நல் மோடம் கேபிள் (இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாகச் சேர்ப்பது), லேப்டாப்பில் புட்டி என்ற டெர்மினல் புரோகிராம், வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். இவ்வளவுதான். இந்த வகைப் பெட்டியோடு மல்லாடப் போகிறவர்கள் கீபோர்டுக்கு முன்னால் இந்த வயரை வாங்குங்கள்.

சீரியலில் வந்த முதல் செய்தியே ஐடிபுராம், அதாவது மெஷினின் அடையாள விவரம், செல்லாது என்பதுதான். போர்டில் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் என்விராம் என்ற நினைவுச் சிப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. பத்து வருடம் போனால் அது தீர்ந்துவிடும். அதோடு கடிகாரம், ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட் ஐடி எல்லாம் போச்சு. முகவரி இருந்த இடத்தில் வெறும் எஃப் எஃப் எஃப் என்று வரிசையாக நிற்கும். புது சிப் என்று இணையத்தில் வாங்கியதில் முதலாவது வந்தபோதே செத்திருந்தது. மேலே அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு சிப்புக்கும் சேர்த்து 3,400 போனது.

புது சிப்பில் பழைய ஐடியை நாமே எழுத வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறுவதற்கு முன் ஓகே என்று நிற்கும் ப்ராம்ப்டில் எம்கேபி என்ற கமாண்டால் ஒவ்வொரு பைட்டாகப் பதினாறு இடங்களை நிரப்ப வேண்டும். கடைசி இடம் மற்ற பதினைந்துக்கும் செக்சம், அதாவது சரிபார்ப்பு எண். ஈதர்நெட் முகவரி பழைய சிப்பின் ஸ்டிக்கரில் இருக்கும். எனக்கு வந்ததில் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. அப்போதுதான் முதல் நாள் எடுத்த டிஸ்க் நகல் கைகொடுத்தது. லைசென்ஸ் ஃபைலில் ஹோஸ்ட் ஐடி அப்படியே எழுதியிருக்கிறது. சன் மெஷின்களில் ஹோஸ்ட் ஐடியின் கடைசி ஆறு இலக்கமும் ஈதர்நெட் முகவரியின் கடைசி ஆறு இலக்கமும் ஒன்றே. முகவரியின் முன்பாதி 8, 0, 20 என்பது சன்னுக்கே உரியது. கிழிந்த ஸ்டிக்கரில் மிஞ்சியதும் இதுவும் பொருந்தியபோது மாடியில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். சார் கீழே இருந்து என்னவோ ஏதோ என்று கேட்டார்.

பிறகு பூட் செய்தால், நிஸ் சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப. காலேஜ் நெட்வொர்க்கில் பயனர் பெயர்கள் எல்லாம் ஒரு சர்வரில் இருந்திருக்கின்றன. அந்த சர்வரை இந்தப் பெட்டி பார்வதிபுரத்து மாடியில் தேடிக்கொண்டிருக்கிறது. விட்டால் விடியும் வரை தேடும். இங்கேதான் பலர் சுவிட்சை அணைப்பார்கள். அணைக்காதீர்கள். கீபோர்டில் ஸ்டாப் கீயோடு ஏ அழுத்தினால், சீரியல் என்றால் பிரேக் அனுப்பினால், ஓகே ப்ராம்ப்டுக்கு வந்துவிடும். தெரியாமல் அழுத்திவிட்டீர்கள் என்றால் கோ என்று அடியுங்கள், விட்ட இடத்தில் இருந்து ஓடும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் சிங்க் என்று அடியுங்கள், மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு ரீபூட் ஆகும். இன்னொன்று, ஓடும்போது கீபோர்டைக் கழற்றினாலும் ஸ்டாப்-ஏ அழுத்தியதாகவே பழைய சன் பெட்டி எடுத்துக்கொள்ளும். மேசையைத் துடைக்கிறேன் என்று யாரும் அந்த வயரைத் தொட விடாதீர்கள்.

ரூட் என்ற முழு அதிகாரம் உள்ள பயனரின் பாஸ்வேர்டு சாருக்குத் தெரியாது. தெரிந்த லேப் அசிஸ்டென்ட் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை. ஆகவே சன்னின் சொந்த யுனிக்ஸான சோலாரிஸ் 8 சிடியைப் போட்டு பூட் சிடிராம் மைனஸ் எஸ் என்று கொடுத்து, முதலில் ரூட் பார்ட்டிஷனுக்கு எஃப்எஸ்சிகே என்ற டிஸ்க் சரிபார்ப்பை ஓட்டி, பிறகு அதை ஸ்லாஷ் ஏ-யில் மவுண்ட் செய்து, பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலில் ரூட் வரியின் பாஸ்வேர்டு பகுதியைக் காலியாக்கினேன். விஐ எடிட்டரைத் திறப்பதற்கு முன் டெர்ம் என்ற டெர்மினல் வகையை உங்கள் திரைக்கு ஏற்ப வையுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் சிதறும். அங்கே இருக்கும்போதே ஈடிசி டைரக்டரியில் டிஃபால்ட்டொமைன் ஃபைலின் பெயரை மாற்றி, என்எஸ்ஸ்விட்ச் டாட் ஃபைல்ஸ் என்பதை என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப் மேல் காப்பி செய்துவிட்டேன். இனி நிஸ்ஸைத் தேடாது. சாரின் பயனர் பெயரும் நிஸ்ஸோடு போய்விட்டதே, அதை லோக்கலாகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். எல்எஸ் மைனஸ் எல்என் போட்டு அவருடைய ஃபைல்களின் யூசர் எண் என்ன என்று பார்த்து அதே எண்ணைக் கொடுங்கள். வேறு எண் கொடுத்தால் அவர் ஃபைலை அவரே எழுத முடியாது, டெஸ்க்டாப்பும் எழாது.

கீபோர்டும் வந்து சேர்ந்தது. இனி டெஸ்க்டாப். மானிட்டரில் சோலாரிஸின் டெஸ்க்டாப்பான சிடிஇயின் லாகின் திரை வந்தபோது சார் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பெயரும் பாஸ்வேர்டும் அடித்தார். நீலத் திரை, மணல் கடிகாரம், அப்புறம் ஒரு பெட்டி: மெசேஜிங் சிஸ்டத்தைத் தொடங்க முடியவில்லை. ஓகே அழுத்தினால் மறுபடி லாகின் திரை. திரும்ப அடித்தாலும் அதேதான். கேள்விப்பட்ட அளவில், இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டுதான் பலர் சோலாரிஸை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். தேவையே இல்லை. பெரும்பாலும் மெஷினுக்குத் தன் பெயரே தெரியாமல் இருப்பதுதான் காரணம். காலேஜில் நெட்வொர்க் விவரங்களைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வழியாகப் பெயர் வந்திருக்கிறது. வீட்டில் பெயர் கொடுக்க யாரும் இல்லாததால் அன்நோன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஈடிசியில் டிஹெச்சிபி டாட் ஹெச்எம்இ0 என்ற ஃபைலை (ஹெச்எம்இ0 என்பது மெஷினின் நெட்வொர்க் இணைப்பின் பெயர்) நகர்த்திவிட்டு, நோட்நேம், ஹோஸ்ட்நேம் டாட் ஹெச்எம்இ0, ஹோஸ்ட்ஸ் ஆகிய மூன்று ஃபைல்களிலும் லைசென்ஸில் இருக்கும் அதே பெயரைப் போட்டேன். பெயர் சரியாக இருந்தும் இதே சுற்று வந்தால், டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். ஹோம் டைரக்டரியில் எழுத இடம் இல்லாவிட்டாலும் இப்படித்தான் துப்பும்.

டெஸ்க்டாப்பே எழாதபோது இந்த ஃபைல்களை எப்படித் திருத்துவது? லாகின் திரையில் ஆப்ஷன்ஸ் பட்டனுக்குள் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று கமாண்ட் லைன் லாகின். அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் ஜன்னல் எதுவும் இல்லாத வெறும் கன்சோல். வேலை முடிந்து எக்ஸிட் அடித்தால் சற்று நேரத்தில் லாகின் திரை தானே திரும்பும். இன்னொன்று செஷன் என்பதற்குள் இருக்கும் ஃபெயில்சேஃப். இதில் ஒரே ஒரு டெர்மினல் ஜன்னல் வரும், விண்டோ மேனேஜர் இருக்காது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. ஜன்னலுக்குத் தலைப்பட்டை இல்லை, ஓரம் இல்லை, இழுக்க முடியாது, மூட பட்டன் இல்லை. அடித்தால் எழுத்தும் விழவில்லை. மவுஸ் அம்பு ஜன்னலுக்கு மேல் இருந்தால் மட்டுமே எழுத்து விழும் என்பது தற்செயலாக அம்பு அங்கே நகர்ந்தபோதுதான் புரிந்தது. அந்த டெர்மினலில் ஓஎல்டபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரின் பெயரை அடித்து ஆம்பர்சாண்ட் போட்டேன், பாருங்கள், நொடியில் ஜன்னலுக்கு ஓரமும் தலைப்பட்டையும் முளைத்துவிட்டன. பைனரி இருப்பது யுஎஸ்ஆருக்குள் ஓபன்வின், அதற்குள் பின். சிடிஇயின் சொந்த மேனேஜர் வேண்டும் என்றால் யுஎஸ்ஆருக்குள் டிடி, பின், அங்கே டிடிடபிள்யூஎம். ஒரு நேரத்தில் ஒரு மேனேஜர்தான் ஓட முடியும், இரண்டாவதைக் கூப்பிட்டால் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு விலகிவிடும். எழுதிய வேலை முடிந்ததும் அந்த முதல் டெர்மினலை மூடினால் ஃபெயில்சேஃப் செஷன் முழுவதும் முடிந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள். சாதாரண பிசி யுனிக்ஸில் ஜன்னல்களைக் கிளப்ப ஸ்டார்ட்எக்ஸ் போடுபவர்களுக்கும் இதே கதைதான். எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலின் கடைசி வரியில் எது நிற்கிறதோ அது முடிந்தால் எல்லாமே மூடும். அதனால்தான் அங்கே விண்டோ மேனேஜரை வைக்கிறார்கள்.

பெயர் சரியானதும் சிடிஇ எழுந்தது. வந்த வேகத்தில் உறைந்தும் போனது. காரணம், கடைசியாக லாக்அவுட் செய்தபோது திறந்திருந்த ஜன்னல்களை எல்லாம் சிடிஇ நினைவில் வைத்திருந்து மறுபடி திறக்கும். வரைபட சாஃப்ட்வேர் முன்பு ஒருநாள் திறந்தபடியே விடப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் சர்வர் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் இது எழுந்து, மவுசைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. சார் "அணைச்சிட்டுப் போடலாமா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் சார் என்று லேப்டாப்பை ஒரு நெட்வொர்க் வயரால் நேரடியாக மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் இருந்து நுழைய உதவும் டெல்நெட்டில் உள்ளே போனேன். சோலாரிஸ் 8இல் டெல்நெட் தானாகவே திறந்திருக்கும். ரூட்டாக நேரடியாக விடாது, சாதாரண பயனராகப் போய் எஸ்யு போட்டு ரூட்டாக மாற வேண்டும். வெளி இணையத்தோடு மட்டும் இந்தப் பெட்டியை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

கொல்லும் வரிசை முக்கியம். பிஎஸ் மைனஸ் ஈஎஃப் போட்டு அந்த சாஃப்ட்வேரின் எண்ணை எடுத்து, வெறும் கில் கொடுங்கள். எனக்கு அதிலேயே மவுஸ் உயிர்பெற்றுவிட்டது. அது கேட்கவில்லை என்றால் அதற்கு மட்டும் மைனஸ் 9. அப்போதும் அசையாவிட்டால் டிடிடபிள்யூஎம். விண்டோ மேனேஜரைக் கொன்றால் ஜன்னல்கள் சாகாது, ஓரத்தை மட்டும் இழக்கும், மறுபடி கிளப்பிக்கொள்ளலாம். மவுஸ் வேலை செய்கிறது, மேனேஜர் மட்டும் கோணலாக இருக்கிறது என்றால் ஒர்க்ஸ்பேஸ் மெனுவிலேயே மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யும் வரி இருக்கிறது, கில் வரைக்கும் போகவே வேண்டாம். திரையையே வரையும் எக்ஸ்சன் என்ற எக்ஸ் சர்வரைக் கொல்வது கடைசி வழி. அதோடு எல்லா ஜன்னலும் போகும், லாகின் திரையைக் காட்டும் டிடிலாகின் புதுத் திரையைக் கொண்டுவரும். அதற்கு மைனஸ் 9 கொடுத்தால் கீபோர்டு செத்ததுபோல் கிடக்கலாம். செத்திருக்காது, எக்ஸ் வைத்துவிட்டுப் போன மோடில் மாட்டியிருக்கும். டெல்நெட்டில் கேபிடி அண்டர்ஸ்கோர் மோட் மைனஸ் ஏ என்று கொடுத்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு லாகினிலும் உறைவதை நிறுத்த, சாரின் ஹோமில் டாட் டிடி டைரக்டரிக்குள் இருக்கும் செஷன்ஸ் என்பதன் பெயரை மாற்றினேன். சிடிஇ வெள்ளைத்தாள் போலப் புதிதாக எழுந்தது. பிறகு ஸ்டைல் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், பழைய ஜன்னல்களைத் திறக்காமல் ஹோம் செஷனுக்கே திரும்பு என்று வைத்துவிட்டேன்.

அணைப்பது தனிக் கலை. முன் பேனலில் இருக்கும் எக்ஸிட் பட்டன் டெஸ்க்டாப்பை மட்டுமே மூடும், மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். லாகின் திரை வந்ததும் வேலை முடிந்தது என்று சுவிட்சை அணைத்தால் அடுத்த தடவை எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டு என்று நிற்கும். எக்ஸிட் கொடுத்து, ரூட்டாக கமாண்ட் லைனில் வந்து, இனிட் 5 என்று அடியுங்கள். ஃபைல் சிஸ்டங்களை மூடி, பவரையும் தானே அணைத்துக்கொள்ளும். இனிட் 0 என்றால் ஓகே ப்ராம்ப்டில் வந்து நிற்கும், அங்கே சுவிட்சை அணைத்தால் ஆபத்தில்லை. எங்கள் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், ஐப்பசியில் மதியம் திரும்பினால் இடி. எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது ஒருநாள் கரண்ட் போனது. அந்த மாடியில் இன்வெர்ட்டர் லைன் இல்லை. மறுநாள் எஃப்எஸ்சிகே ஓடி முடிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, நல்லவேளை, ஒரு படமும் போகவில்லை. அன்றே கீழே இருந்து இன்வெர்ட்டர் லைன் இழுக்க வைத்தேன். அது சாரின் செலவு, என் கணக்கில் இல்லை.

என் கணக்கு இது: கீபோர்டும் மவுசும் 4,200, சிப் 3,400, அடாப்டரும் சீரியல் வயர்களும் 1,500, சிடி, கூரியர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,300. எட்டாயிரத்துக்குப் பேசிய வேலைக்கு 10,400 செலவு, அதுவும் என் கூலியைச் சேர்க்காமல். இந்த மாதிரிப் பெட்டிக்கு மொத்தமாக விலை பேசாதீர்கள். உதிரிச் சாமான் செலவு தனி, கூலி தனி என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். சார் நியாயமானவர், கணக்கைக் காட்டியதும் சாமான் செலவு முழுவதையும் கொடுத்துவிட்டு, பேசிய எட்டாயிரத்தையும் தனியாகக் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

குளங்களின் படங்கள் எல்லாம் டிஎக்ஸ்எஃப் ஆகி என் லேப்டாப்பில் திறக்கின்றன. கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சார் அலமாரியில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே பழைய பேக்அப் டேப்புகள். "மக்களே, இதையும் ஒரு பார்வை பாக்கலாமா?" என்றார். டேப்புக்குத் தனி ரேட் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.